குறுக்குக் காற்றில் இறங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபைனலில், அதாவது ரன்வேக்கு நேராக இறங்கி வரும் கடைசிப் பகுதியில், அழகாக வந்துகொண்டிருந்த விமானம் ரன்வேக்கு மேலே வந்ததும் ஒரு பக்கமாக ஒதுங்கத் தொடங்கும். பழகும் மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். வேகம் குறையக் குறைய ஏலரானுக்கும் (கையால் இயக்கும், விமானத்தைச் சாய்க்கும் இறக்கை மடிப்பு) ரடருக்கும் (கால் பெடலால் இயக்கும், மூக்கைத் திருப்பும் வால் பகுதி) பலம் குறைகிறது. பக்கக் காற்று அதனால் நின்றுவிடுவதில்லை. ஆகவே கடைசி நொடிகளில் கையும் காலும் கூடுதலாக வேலை செய்ய வேண்டும். மாணவர்களோ அங்கேதான் கையைத் தளர்த்துகிறார்கள்.

முதலில், கணக்குப் போடாமல் கிளம்பாதீர்கள். காற்று 20 நாட் (1 நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.), ரன்வேக்கு 30 டிகிரி சாய்வாக வீசினால் குறுக்காக அடிப்பது 10 நாட். 60 டிகிரி என்றால் 17 நாட்டுக்கும் மேல். செஸ்னா 172எஸ் என்ற சிறிய விமானத்தின் கையேட்டில் சோதித்துக் காட்டப்பட்ட குறுக்குக் காற்று அளவு என்று இருப்பது 15 நாட்தான். அதுவும் தேர்ந்த விமானி ஓட்டிக் காட்டியது. மாணவரின் எல்லை அதைவிட நன்றாகவே குறைவாக இருக்க வேண்டும்.

பேஸ் லெக்கில், அதாவது ஃபைனலுக்குத் திரும்புவதற்கு முன் ரன்வேக்குக் குறுக்காகப் பறக்கும் பகுதியில், காற்று பின்னாலிருந்து தள்ளினால் ஃபைனல் கோட்டைத் தாண்டிப் போய்விடுவோம். அப்போது ரடரை மிதித்து மூக்கை இழுத்துத் திருப்பிவிடலாம் என்று தோன்றும். செய்யவே கூடாது. தாழ்வான உயரத்தில், குறைந்த வேகத்தில், இப்படித் திருப்புவது ஸ்டாலிலும் (இறக்கை தூக்கும் சக்தியை இழப்பது) ஸ்பின்னிலும் (சுழன்றபடி கீழே விழுவது) கொண்டுபோய் விடும். மீள்வதற்கு உயரம் இருக்காது. கோடு தப்பிவிட்டதா, இறங்காமல் மேலே ஏறி மறுபடி சுற்றி வரும் கோ-அரவுண்ட் போய்விடுங்கள்.

காற்று விட்டுவிட்டு வேகமாக அடித்தால் சிலர் பயத்தில் விமானத்தின் வேகத்தை 15 நாட் வரை கூட்டிக்கொண்டு வருவார்கள். 12 நாட் காற்று இடையிடையே 22 ஆகிறது என்றால், வித்தியாசத்தில் பாதி, அதாவது 5 நாட் கூட்டினால் போதும். அதற்கு மேல் போனால் விமானம் இறங்காமல் மிதக்கும். மிதக்கும் ஒவ்வொரு நொடியும் காற்று நம்மைத் தள்ள இன்னொரு வாய்ப்பு.

அதிகம் பார்க்கும் தவறு, கையின் வேலையைக் காலுக்குக் கொடுப்பது. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி இறங்கும் விங்-லோ முறையில் கணக்கு எளிது: பக்கவாட்டில் நகர்வதை நிறுத்துவது ஏலரான், மூக்கை ரன்வேயோடு நேராக வைப்பது ரடர். காற்று இடமிருந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இடது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி, வலது பெடலை மிதிக்க வேண்டும். விமானம் வலப்பக்கம் நகர்ந்தால் இன்னும் கொஞ்சம் இடது ஏலரான். அதனால் மூக்கு திரும்பினால் இன்னும் கொஞ்சம் வலது பெடல். நடுக்கோட்டைவிட்டு விலகியதைச் சரிசெய்ய பெடலை மிதித்தால், மூக்கு கோணலாகும், விமானம் கோணலாகவே தரையில் விழும்.

அப்புறம் ஃப்ளேர், அதாவது தொடுவதற்குச் சற்று முன் மூக்கைத் தூக்கி இறக்கத்தை மெதுவாக்குவது. தரை நெருங்கியதும் தாழ்ந்திருக்கும் இறக்கையைச் சமன்செய்யச் சொல்லி மனசு அவசரப்படுத்தும். அப்படிச் செய்த உடனே விமானம் நகர ஆரம்பிக்கும். சக்கரங்கள் பக்கவாட்டில் இழுபட்டு லேண்டிங் கியர் மீது கடும் சுமை ஏறும். காற்று வரும் பக்கத்துச் சக்கரம் ஒன்று மட்டும் முதலில் தொடட்டும். மற்றது தானாக இறங்கும், மூக்குச் சக்கரம் கடைசியில். ஒற்றைச் சக்கரத்தில் இறங்குவது சரியான இறக்கம்தான், பதற வேண்டாம். மூக்கைக் காற்று வரும் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு வரும் க்ராப் முறையில் வருபவர்களுக்குச் சிக்கல் நேரம்தான்: மூக்கைச் சீக்கிரமே நேராக்கினால் நகர்ந்துவிடுவீர்கள், தாமதமானால் கோணலாகத் தொடுவீர்கள்.

தொட்டதும் "சரி, இறங்கியாச்சு" என்று ஏலரானை நடுவுக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள். காற்று பக்கத்து இறக்கை மேலே எழும்பும், வால் காற்றில் சிக்கி மூக்கு காற்றை நோக்கித் திரும்பும். வேகம் குறையக் குறைய ஏலரானைக் காற்று வரும் பக்கமாகக் கூட்டிக்கொண்டே போய் முழு அளவுக்குக் கொண்டுபோங்கள். தரையில் மெதுவாக ஊர்ந்து செல்லும் டாக்ஸி வேகத்துக்கு வரும்வரை கால்கள் பெடலில் உயிரோடு இருக்கட்டும்.

ஃபைனலிலேயே ஒரு சோதனை செய்யலாம். ரடரை முழுக்க மிதித்தும் மூக்கு நேராக நிற்கவில்லையா? அந்தக் காற்று அந்த விமானத்துக்கு அதிகம். த்ராட்டிலைத் தள்ளி எஞ்சின் சக்தியைக் கூட்டி மேலே ஏறுங்கள். காற்றுக்கு நேராக இருக்கும் வேறு ரன்வேயையோ வேறு விமான நிலையத்தையோ கேளுங்கள்.