பாடசாலை முற்றத்தில் ஒரு கீரைப்பாத்தி: கொழும்புப் பெற்றோருக்கான தொடக்க விளக்கம்

கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரை, நகரத்துப் பாடசாலைகள் பலவற்றில் மண் என்று சொல்லத்தக்கது மாடிக் கட்டடங்களுக்கு நடுவே எஞ்சிய ஒரு கீற்றுத்தான். அக்கீற்றில் 3 மீற்றர் நீளமும் 90 சென்ரிமீற்றர் அகலமும் கொண்ட ஒரேயொரு பாத்தி அமைத்து, அதில் விளையும் கீரையை அதே தவணைக்குள் பிள்ளைகளின் கோப்பைக்குக் கொண்டுவருவது எப்படி என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன். இன்னும் பெரிதாகச் செய்யலாமே என்று கேட்பவர்களுக்கு, முதலாண்டில் வேண்டாம் என்பதே என் பதில். எங்கள் பிள்ளைகளின் பாடசாலையில் பெற்றோராகிய நாங்கள் 6 பாத்திகளோடு தொடங்கினோம். ஓகஸ்ட் விடுமுறை முடிந்து திரும்பியபோது ஐந்து காய்ந்து கிடந்தன, ஆறாவதில் கோரைப்புல் மட்டும் செழித்திருந்தது.

படி 1: எழுத்தில் அனுமதி

பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் ஊடாக அதிபருக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். எந்த இடம், எந்தக் குழாயிலிருந்து நீர், பொறுப்பாசிரியர் யார், விடுமுறையில் வாயிற்கதவைத் திறந்துவிடுபவர் யார் என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். பணம் சேர்ப்பதை இந்தக் கட்டத்தில் தவிர்ப்பது நல்லது.

படி 2: வெயிலை அளந்து இடத்தைத் தெரிவு செய்தல்

பெரும்பாலானோர் தவறுவது இங்கேதான். கீரைக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 4 மணி நேரமும், வெண்டி, கத்தரி, பயற்றங்காய் போன்ற காய்ப்பயிர்களுக்கு 6 மணி நேரமும் நேர்வெயில் வேண்டும். காலை 8, நண்பகல் 12, பிற்பகல் 3 மணிக்கு நிழல் எங்கே விழுகிறது என்று ஒரு பிள்ளையைக் கொண்டு சோக்கட்டியால் கோடிடச் செய்யுங்கள். ஆனால் அந்த ஒரு நாட்கோடு ஆண்டு முழுவதற்கும் பொருந்தாது. கொழும்பில் ஏப்ரல் முற்பகுதியிலும் செப்டெம்பர் தொடக்கத்திலும் நண்பகற் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வடக்கே சாய்ந்தும், ஏனைய மாதங்களில் தெற்கே சாய்ந்தும் நிற்கிறது. ஆகவே 10 மீற்றர் உயரமான மூன்றுமாடிக் கட்டடம் ஒன்று ஜூனில் தென்புறமாக ஏறத்தாழ 3 மீற்றருக்கும், டிசெம்பரில் வடபுறமாக ஏறத்தாழ 6 மீற்றருக்கும் நண்பகல் நிழலை வீழ்த்தும். கட்டடத்தின் வடபுறத்தில் மே மாதம் பளிச்சென்று தெரியும் இடம், மூன்றாம் தவணை முடிவில் இருட்டாகிவிடுவதன் காரணம் இதுவே.

வீதியோரச் சுவரை ஒட்டிய இடத்தையும், பழைய பெயின்ற் உதிரும் சுவரடியையும் விலக்குங்கள். வாகனத் தூசியும் ஈயமும் இலையில் படியக்கூடியவை.

படி 3: மண்

பிள்ளைகள் ஆண்டுக்கணக்காக மிதித்து இறுகிய தரையில், கட்டடச் சிதைவுகளும் கபுக் கற்களும் கலந்திருக்கும். 30 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு குழி தோண்டி நீர் நிரப்பிப் பாருங்கள். 4 மணி நேரத்தின் பின்னும் நீர் தேங்கி நின்றால், அந்தத் தரையோடு மல்லுக்கட்டாமல் 30 சென்ரிமீற்றர் உயர்த்திய பாத்தியை அதன்மேல் அமைத்துவிடுங்கள். நான் சொன்ன அளவுக்கு ஏறத்தாழ 0.8 கன மீற்றர் கலவை, அதாவது தள்ளுவண்டியில் 12 அல்லது 13 நடை தேவைப்படும். மேல்மண் இரண்டு பங்கு, நன்கு உக்கிய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு என்பது எங்களுக்குச் சரிவந்த விகிதம். தும்புத்தூளை ஓரிரு முறை நீரில் அலசிப் பிழிந்தே சேர்க்க வேண்டும். அதில் உப்பு மிகுந்திருப்பதுண்டு. அகலத்தை 90 சென்ரிமீற்றருக்கு மேல் கூட்டாதீர்கள், ஏனெனில் ஆரம்பப்பிரிவுப் பிள்ளையின் கை இரு பக்கமிருந்தும் நடுப்பகுதியை எட்ட வேண்டும்.

படி 4: நடுகை

ஒரு தவணை ஏறத்தாழ மூன்று மாதம். அதற்குள் கைக்கு வருவதை மட்டுமே நடுங்கள். பொன்னாங்காணியை, கொழும்பில் பலரும் முகுணுவென்ன என்று கேட்டு வாங்கும் அந்தக் கீரையைத்தான் சொல்கிறேன், சந்தையில் ஒரு கட்டு வாங்கி, 15 சென்ரிமீற்றர் தண்டுகளாக நறுக்கி, பாதி மண்ணுக்குள் போகுமாறு 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஊன்றினால், நான்கு வாரங்களில் முதல் அறுவடை கிடைக்கும். கங்குனும் அவ்வாறே; அடியில் 5 சென்ரிமீற்றர் விட்டு வெட்டினால் மீண்டும் துளிர்க்கும். நகரத்துச் சதுப்புகளிலும் வாய்க்கால்களிலும் வளரும் கங்குன் அந்நீரிலுள்ள கழிவையும் சேர்த்து உறிஞ்சக்கூடியது என்பதால், குழாய்நீரில் நாமே வளர்ப்பதில் ஒரு நிம்மதி உண்டு. நிழல் விழும் ஓரத்தை வல்லாரைக்கு விடுங்கள். மூலையில் ஒரு முருங்கைத் தடியை நட்டு, அதை ஆளுயரத்தில் கவ்வாத்துப் பண்ணிக்கொண்டே வந்தால் இலை பறிக்க ஏணி வேண்டியதில்லை.

படி 5: நுளம்பு

இதைப் படித்துவிட்டுக் கடந்துபோகாதீர்கள். 2017 இல் இலங்கை முழுவதும் 186,000 க்கும் மேற்பட்ட டெங்கு நோயாளர்கள் பதிவாயினர். நுளம்பு பெருகும் வகையில் வளவை வைத்திருப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். முட்டை நுளம்பாவதற்கு ஒரு வாரமளவே போதும். எனவே வெள்ளிக்கிழமைதோறும் ஒருவர் பாத்தியைச் சுற்றிவந்து பூவாளி, சிரட்டை, சாடிகளின் அடித்தட்டு, தார்ப்பாயின் மடிப்பு ஆகியவற்றைக் கவிழ்த்து உலர்த்த வேண்டும். அலங்காரத்துக்கென்று டயர் வைக்காதீர்கள். எங்களுடைய டயர் ஒன்றில் புழுக்கள் நெளிந்ததைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எங்களுக்கே காட்டியபோது தலைகுனிந்து நின்றோம்.

படி 6: விடுமுறை முறைப்பட்டியல்

நடுவதற்கு முதல்நாளே இதை எழுதி ஒட்டுங்கள். விடுமுறையில் நீர் ஊற்றப் பாடசாலைக்கு அருகில் வசிக்கும் ஆறு குடும்பங்கள், ஆளுக்கு ஒரு கிழமைநாள். ஞாயிறு ஓய்வு. தொலைவில் இருப்பவர்களை மரியாதைக்காகப் பட்டியலில் சேர்க்க வேண்டாம்.

படி 7: இலைக்கஞ்சி

பாடசாலையில் பரிமாறும் கீரையைப் பச்சையாகச் சம்பலாக்குவதை நான் விரும்புவதில்லை. வளவில் திரியும் பூனைகள் பாத்தியை அசுத்தப்படுத்தக்கூடும். கஞ்சியாகவோ வறையாகவோ சமைப்பதே பாதுகாப்பு. 40 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 150 மில்லிலீற்றர் வீதம் 6 லீற்றர் கஞ்சிக்கு, 600 கிராம் சிவப்புப் பச்சையரிசி, கழுவிய கீரை 500 கிராம், இரண்டு தேங்காயின் பால், சிறிது இஞ்சி, உள்ளி, உப்பு எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி குழைந்ததும் பாலை விட்டு, அது கொதிவரும் தறுவாயில் அரைத்து வடித்த கீரைச்சாற்றை ஊற்றி, ஒரு கொதியோடு இறக்கிவிடுங்கள். நீளக் கொதித்தால் பச்சை நிறம் பழுப்பாகும், அதைக் கண்ட பிள்ளை கோப்பையைத் தொடாது. ஒரு கடி கித்துள் கருப்பட்டியோடு கொடுப்பது இங்கத்தைய வழக்கம். ஊரிலிருந்து யாராவது பனங்கட்டி கொண்டுவந்திருந்தால் நான் அதையே எடுப்பேன். கூடவே ஒரு கொய்யாத்துண்டு கொடுங்கள். அதிலுள்ள உயிர்ச்சத்து சி கீரையின் இரும்பை உடல் ஏற்க உதவும், தேநீரோ அதைத் தடுக்கும். தேங்காய்ப்பால் சேர்ந்த கஞ்சி இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிட வேண்டும்.

படி 8: சிற்றுண்டிச்சாலை

கஞ்சி குடித்த பிள்ளை அடுத்த இடைவேளையில் இனிப்புப்பானத்தை வாங்குமானால், அதற்கும் ஒரு வேலை கொடுக்கலாம். 2016 முதல் இலங்கையில் விற்கப்படும் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக்குறி உண்டு: 100 மில்லிலீற்றரில் 2 கிராமுக்குக் குறைவானால் பச்சை, 11 கிராமைத் தாண்டினால் சிவப்பு, இடைப்பட்டது செம்மஞ்சள். தரம் 4, 5 பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்து, தம் வீட்டருகிலுள்ள கடையில் கண்ட நிறங்களை ஒரு வாரம் எண்ணிவரச் சொல்லுங்கள். அந்தக் கொப்பியை அடுத்த சங்கக் கூட்டத்தில் மேசைமேல் வைத்துவிட்டு, சிற்றுண்டிச்சாலை நடத்துபவரையும் அருகில் அமர்த்தி, வாரத்தில் எந்த இரண்டு நாட்களுக்கு அவர் அவித்த கடலையோ கௌபியோ கொண்டுவர முடியும் என்று கேளுங்கள்.