எடை குறையும்போது மேல்கைச் சதை தொங்குகிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுதான் முதலில் கவனித்தேன். 83 கிலோவில் இருந்து 68க்கு இறங்கியிருந்த நேரம். ஈரப் புடவையை உதறிக் கொடியில் போடக் கையைத் தூக்கினேன். மேல்கையின் அடிப்பகுதி தனியாக ஆடியது. இடுப்பு இறங்கிவிட்டது, முகம் மெலிந்துவிட்டது, சுகர் அளவுகூடக் கீழே வந்துவிட்டது. கை மட்டும் தொளதொளவென்று நின்றது. அந்த வாரமே ஒரு கல்யாண வீட்டில் பெரியம்மா என் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "என்னடி, பட்டினி கிடக்கிறியா? கையெல்லாம் இப்படி ஆயிடுச்சே" என்றார். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் அவசரப்பட்டுச் செய்தவற்றில் பாதிக்கு மேல் தவறு. எடை குறைக்கும் தோழிகள் பலரும் அதே வழியில் போவதைப் பார்க்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு, தொங்குவது எல்லாமே தோல் என்று முடிவு கட்டுவது. கையைப் பக்கவாட்டில் நீட்டி, முழங்கையை லேசாக மடக்கி, தொங்கும் இடத்தை மறுகையின் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் கிள்ளிப் பிடித்துப் பாருங்கள். புறங்கைத் தோலைக் கிள்ளினால் வருவது போல மெல்லியதாக வந்தால் அது தோல். ஒரு விரல் தடிமனுக்கு மெத்தென்று வந்தால் உள்ளே இன்னும் கொழுப்பு இருக்கிறது. எடை குறைப்பின் பாதி வழியில் பெரும்பாலானவர்களுக்கு இரண்டும் கலந்தே இருக்கும். கொழுப்பு குறையக் குறைய அந்த இடம் இளகி, முன்பைவிட அதிகமாக ஆடும். "குறைக்க ஆரம்பித்த பிறகுதான் மோசமானது" என்று தோன்றுவது அதனால்தான். வேலை பாதியில் இருக்கும்போதே கையைப் பார்த்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள்.

தோல் ஏன் உடனே சுருங்குவதில்லை? தோலின் உள்ளடுக்கில் கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை இழைகள் இருக்கின்றன. கொலாஜன் உறுதி கொடுக்கிறது. இழுத்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப வைப்பது எலாஸ்டின். இந்த எலாஸ்டினை உடம்பு பெரும்பாலும் சிறுவயதிலேயே உருவாக்கிவிடுகிறது, பெரியவர்களான பிறகு புதிதாக உருவாவது மிகவும் குறைவு. பத்துப் பதினைந்து வருடம் விரிந்தே இருந்த தோலில் அது நைந்துபோகிறது. மேல்கையின் உள்பக்கத் தோல் இயல்பிலேயே மெல்லியது என்பதால் அங்கே முதலில் தெரிகிறது. எவ்வளவு கிலோ குறைத்தீர்கள், எத்தனை வருடம் பருமனாக இருந்தீர்கள், வயது என்ன, புகைப்பழக்கம் உண்டா என்பதையெல்லாம் பொறுத்து ஆளுக்கு ஆள் மாறும். பத்து கிலோ குறைத்த இருபத்தைந்து வயதுப் பெண்ணின் கையோடு நாற்பது கிலோ குறைத்த ஐம்பது வயதுக்காரரின் கையை ஒப்பிடுவதில் நியாயம் இல்லை.

எனக்கு அதிகம் இழப்பு ஏற்படுத்தியது இரண்டாவது தவறு. கை தொங்குகிறதே என்று சாப்பாட்டை இன்னும் குறைத்தேன். காலையில் மூன்று இட்லி, மதியம் ஒரு கப் சாம்பார் சாதம், இரவில் இரண்டு சப்பாத்தி. பார்த்தால் ஒழுங்கான சாப்பாடு போலத்தான் இருக்கும். ஆனால் அதில் உள்ள புரதத்தைக் கூட்டினால் 30 கிராம் தேறினாலே அதிகம். ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, சாதாரணமாக இருக்கும் ஒருவருக்கே ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் புரதம் தினமும் வேண்டும். 65 கிலோ என்றால் 54 கிராம். எடை குறைத்துக்கொண்டு உடற்பயிற்சியும் செய்பவர்களுக்கு 1.2 கிராமாவது வேண்டும் என்பதுதான் ஊட்டச்சத்து நிபுணர்கள் பொதுவாகச் சொல்வது. அப்படியானால் கிட்டத்தட்ட 80 கிராம். அது கிடைக்காவிட்டால் உடம்பு கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். உள்ளே தசை இளைத்தால் மேலே உள்ள தோல் இன்னும் துவளத்தானே செய்யும்?

சரி, என்ன செய்யலாம்? ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் மீனில் 20 கிராம் அளவுக்கு, 100 கிராம் பனீரில் 18 கிராம் அளவுக்கு, 50 கிராம் சோயா உருண்டையில் (ஊறவைப்பதற்கு முன் எடை) 25 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது. சைவக்காரர்கள் மாலையில் பஜ்ஜி, பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் சாப்பிட்டாலே கணிசமாக ஏறும். நான் சாதத்தைப் பாதியாக்கி அந்த இடத்தில் பருப்புக்கூட்டும் முட்டையும் வைத்தேன். சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்கள், பல வருடமாகச் சுகர் இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் புரதத்தைக் கூட்ட வேண்டாம். சுகருக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் சாப்பாட்டு அளவை மாற்றும்போதும் சொல்லிவிட்டுத்தான் மாற்ற வேண்டும். சுகர் சட்டென்று இறங்கிவிடக்கூடும்.

வேகத்தையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். வாரத்துக்கு அரை கிலோ முதல் ஒரு கிலோ வரை போதும். 2025 முதல் இந்தியாவில் எடை குறைக்க மௌன்ஜாரோ போன்ற வாராந்திர ஊசிகள் கிடைக்கின்றன. பசியே இல்லாமல் எடை மளமளவென்று இறங்குவதால், அவற்றைப் போட்டுக்கொள்பவர்கள் புரதத்தையும் தசைப் பயிற்சியையும் மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது பயிற்சி. "கையைச் சுற்றினால் கைக்கொழுப்பு கரையும்" என்று நம்பி தினமும் நூறு முறை காற்றில் கையைச் சுற்றுவார்கள். நானும் சுற்றினேன். ஒரு இடத்துத் தசையை வேலை வாங்கினால் அந்த இடத்துக் கொழுப்பு மட்டும் கரைவதில்லை. 1971இல் அமெரிக்காவில் டென்னிஸ் வீரர்களின் இரண்டு கைகளையும் அளந்து பார்த்தார்கள். வருடக்கணக்கில் மட்டை பிடித்த கையில் தசை பெருத்திருந்தது. ஆனால் தோலுக்கு அடியில் இருந்த கொழுப்பின் தடிமனில் இரண்டு கைகளுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. கொழுப்பு உடம்பு முழுவதும் சேர்ந்துதான் குறையும், எந்த இடத்தில் முதலில் குறையும் என்பது நம் கையில் இல்லை.

அதனால் கைப்பயிற்சியே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். அதன் வேலை வேறு. மேல்கையின் பின்பக்கம் இருக்கும் டிரைசெப்ஸ் தசைதான் மேல்கைத் தசையில் கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு. நாம் டம்பெல் எடுத்ததும் முன்பக்கத் தசையைத்தான் மடக்கி மடக்கிப் பயிற்சி செய்கிறோம், தொங்கும் பக்கத்தை விட்டுவிடுகிறோம். பின்பக்கத் தசை கொஞ்சம் திரண்டால் தளர்ந்த தோலுக்கு உள்ளிருந்து ஒரு தாங்கல் கிடைக்கும். தோல் சுருங்கிவிடாது, ஆனால் கையின் வடிவம் மாறும்.

சுவரில் இருந்து ஓரடி ஒன்றரை அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, முழங்கைகள் விலாவை ஒட்டியே இருக்கும்படி மெதுவாகச் சாய்ந்து, மெதுவாகத் தள்ளி நிமிருங்கள். சுவர்த் தண்டால். பத்து முறை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து, மறுபடி பத்து. அது எளிதாகிவிட்டால் சமையல் மேடையில் கை ஊன்றிச் செய்யலாம், பிறகு கட்டிலில். அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில், அதாவது ஒரு கிலோ. இரண்டு கைகளாலும் பிடித்துத் தலைக்கு மேல் தூக்கி, முழங்கையை மட்டும் மடக்கித் தலைக்குப் பின்னால் இறக்கி ஏற்ற வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும். மாதங்கள் போகப் போக எடையைக் கூட்டுவதுதான் முக்கியம். அதே ஒரு கிலோவை ஒரு வருடம் தூக்கினால் தசைக்கு வளரக் காரணமே இல்லை. நாற்காலி விளிம்பில் கை ஊன்றி உடம்பை இறக்கி ஏற்றும் பயிற்சியை எடுத்தவுடன் செய்ய வேண்டாம், தோளுக்கு ரொம்ப பாரம். சுகர் உள்ளவர்களுக்குத் தோள்பட்டை இறுகிப்போகும் பிரச்சினை மற்றவர்களைவிட அதிகம் வருகிறது.

க்ரீம் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் ஆபத்து இருக்கிறது. கொலாஜன் க்ரீமில் உள்ள கொலாஜன் மூலக்கூறு தோலைத் தாண்டி உள்ளே போக முடியாத அளவுக்குப் பெரியது. தோலை ஈரமாக வைக்கும், அவ்வளவுதான். அதற்கு நல்லெண்ணெயே போதும். கையில் பிளாஸ்டிக் சுற்றி வியர்க்க விட்டால் போவது தண்ணீர், ஒரு சொம்பு குடித்தால் திரும்பி வந்துவிடும். இவையெல்லாம் பணத்தோடு போய்விடும். ஆனால் தொங்கும் சதையின் மடிப்பில் வியர்வை தங்கி அரிப்பும் படையும் வரும்போது மெடிக்கலில் "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க" என்று கேட்டு வாங்குகிறோமே, அதைப் பற்றித்தான் என் கவலை. அப்படிக் கிடைக்கும் பல ட்யூப்களில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் என்று அட்டையில் பொடி எழுத்தில் இருக்கும். அரிப்பு இரண்டே நாளில் அடங்கும், அதனால் நல்ல மருந்து என்று தொடர்ந்து தடவுவோம். அது தோலை இன்னும் மெல்லியதாக்கும், சிவந்த கோடுகளை வரவழைக்கும், படையை அடக்குவது போலக் காட்டிச் சத்தமில்லாமல் பரவவும் விடும். ஏற்கெனவே தளர்ந்திருக்கும் தோலுக்கு இதைவிடக் கெடுதல் வேறு இல்லை. குளித்ததும் அந்த இடத்தை நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள், பருத்தித் துணி போடுங்கள். படை வந்தால் தோல் டாக்டரைப் பாருங்கள்.

இரண்டு கைகளும் ஒரே மாதிரி இல்லாமல் ஒரு கை மட்டும் வீங்கினாலோ, கட்டி போலத் தட்டுப்பட்டாலோ அது வேறு விஷயம். தாமதிக்காமல் காட்டிவிட வேண்டும்.

தொங்கும் தோலை வெட்டி எடுக்கும் அறுவைச் சிகிச்சைக்கு அவசரப்படுவதும் தவறுதான். எடை குறைந்துகொண்டிருக்கும்போது செய்தால் மறுபடி தொங்கும். எடை ஆறு மாதமாவது ஒரே அளவில் நின்ற பிறகுதான் பிளாஸ்டிக் சர்ஜன்கள் பொதுவாக ஒத்துக்கொள்வார்கள். அக்குளில் இருந்து முழங்கை வரை கையின் உள்பக்கம் நீளமான தழும்பு நிற்கும். தழும்பு தடித்து வளரும் உடல்வாகு உங்களுக்கோ குடும்பத்திலோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். இதை அழகுக்கான சிகிச்சை என்று கருதுவதால் காப்பீட்டில் பொதுவாகப் பணம் கிடைக்காது. அதே சமயம், மடிப்பு உரசிப் புண்ணாகி அவதிப்படுபவர்கள், ஐம்பது அறுபது கிலோ குறைத்தவர்கள் இதைச் செய்துகொள்வதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

இருப்பதிலேயே பெரிய தவறு, கைக்குப் பயந்து எடை குறைப்பதையே நிறுத்துவது. எனக்குத் தெரிந்த ஓர் அக்கா அப்படி நிறுத்தினார், எடை திரும்ப ஏறியது, பிறகு மறுபடி குறைத்தார். தோல் விரிந்து, சுருங்கி, மறுபடி விரிந்ததுதான் மிச்சம்.

மாதம் ஒருமுறை, தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், அதே கையில் டேப் வைத்து அளங்கள். என் கைச்சுற்று பதினாலரை இஞ்சில் இருந்து பன்னிரண்டே முக்காலுக்கு வந்திருக்கிறது. கையைத் தூக்கினால் இன்னும் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. ஆட்டம் தெரியக்கூடாது என்று இறுக்கமான கை வைத்துத் தைத்த இரண்டு பிளவுசும் சதையைப் பிதுக்கி, அக்குளில் உரசிப் புண்ணாக்கியதுதான் மிச்சம். இப்போது முழங்கைக்கு மேல் வரை நீளம், சுற்றில் அரை இஞ்ச் தளர்வு. எடை ஒரு இடத்தில் நிற்கும் வரை எல்லாப் பிளவுசையும் ஒரேயடியாகப் பிரித்துத் தைக்க வேண்டாம் என்று சொன்னது எங்கள் டெய்லர்தான். "கையில ஒரு தையல் மட்டும் பிடிச்சுத் தர்றேன்க்கா, துணிய வெட்டல. மூணு மாசம் கழிச்சு வாங்க, அப்ப பார்த்துக்கலாம்" என்றார்.