புஷ் துளைக்கு கோ, நோ-கோ கேஜ்: லேத்திலேயே செய்துகொள்ள

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12 நெருங்கினால் குறுவை உழவுக்காக டெல்டா லேத் பட்டறைகளில் டிராக்டர், டில்லர் வேலை குவியும். ஒரே அளவு புஷ் (பின் நுழையும் உலோக வளையம்) ஐம்பது, நூறு என்று கடையும்போது ஒவ்வொன்றையும் வெர்னியர் அளவுகோலில் அளப்பது வீண். துளைக்குள் வெர்னியர் பிடிப்பதில் கைக்குக் கை அளவு மாறும். துளைக்குள் விட்டுப் பார்க்கும் உருளையான பிளக் கேஜில் இரு முனை: நல்ல துளையில் 'கோ' முனை நுழைய வேண்டும், 'நோ-கோ' முனை நுழையக் கூடாது. அது 'சரி', 'சரியில்லை' என்பதை மட்டும் சொல்லும், அது போதும்.

25 மி.மீ. பின்னுக்கான புஷ்ஷை எடுத்துக்கொள்வோம். துளை 25.05 முதல் 25.15 வரை இருக்கலாம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். கோ முனையை 25.06–25.07 ஆகக் கடையுங்கள், கூடுதல் 0.01 தேய்மானத்துக்கு. நோ-கோ முனை 25.14–25.15. அனுமதித்த வேறுபாட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் கேஜின் பிழை நிற்க வேண்டும் என்பது பொது விதி. இங்கே அது 0.01. ஆகவே 25–50 மி.மீ. அளக்கும் மைக்ரோமீட்டர் கருவி கட்டாயம்; 0.02 வரை மட்டுமே காட்டும் வெர்னியரை நம்ப வேண்டாம்.

28 மி.மீ. இஎன்8 (நடுத்தர கார்பன் எஃகு) ராடில் 110 மி.மீ. வெட்டி, இரு முனையிலும் சென்டர் குழி போட்டுக் கடையுங்கள். கோ பக்கம் 35 மி.மீ., நோ-கோ பக்கம் 12 மி.மீ., நடுவில் பிடிக்க நர்லிங் (வழுக்காத சொரசொரப்பு). இரு முனையிலும் 3 மி.மீ. நீளம் கூடுதலாக விடுங்கள். 0.03 மிச்சம் வைத்து நிறுத்தி, எண்ணெயோடு 320, பிறகு 600 எண் எமரித் தாளில் தேயுங்கள். எமரி விளிம்பைத்தான் அதிகம் தின்னும். கோவின் முன் விளிம்பு சிறுத்தால் குறுகிய துளையும் தேறிவிடும், 25 மி.மீ. பின் அதில் ஏறாது. நோ-கோ சிறுத்தால் நல்ல புஷ்ஷும் கழிவாகும். கூடுதலாக விட்ட 3 மி.மீ.யைக் கடைசியில் சீவினால் இந்தச் சரிவு போய்விடும். பிசிறை எண்ணெய்க்கல்லில் எடுங்கள். ஆறிய பிறகு, மூன்று இடத்தில், குறுக்கும் நெடுக்குமாக அளந்து பாருங்கள். நோ-கோ பக்கம் சிவப்புப் பெயின்ட் வளையம் போடுங்கள்.

அடி மூடிய துளைக்கு கோ முனையில் நீளவாக்கில் ஒரு காடி அரவுங்கள். இல்லாவிட்டால் காற்று அடைபட்டு, சரியான துளையிலும் கேஜ் இறங்காது.

சோதிக்கும்போது அழுத்தவே கூடாது. கோ தன் எடையில் இறங்க வேண்டும். நோ-கோ வாயிலேயே நிற்க வேண்டும். போரிங் (துளை கடைதல்) முடிந்த சூட்டில் சோதிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு. அறை வெப்பத்தைவிட 40 டிகிரி கூடுதலாக உள்ள 25 மி.மீ. கன்மெட்டல் (செம்பு, வெள்ளீயக் கலவை) புஷ்ஷின் துளை ஏறக்குறைய 0.02 விரிந்திருக்கும். உள்ளே விட்ட கேஜை ஆறியதும் புஷ் கவ்விக்கொள்ளும். பிறகு தட்டி எடுத்தால் இரண்டிலும் கீறல்.

கடினமாக்காத இஎன்8 தேயும். வாரம் ஒருமுறை மைக்ரோமீட்டர் வையுங்கள், கோ 25.05-ஐத் தொட்டதும் கழித்துவிடுங்கள். ஆண்டு முழுக்க ஓடும் வேலைக்கு இஎன்31 (பேரிங் எஃகு) எடுத்து, கடினமாக்கி, கிரைண்டிங் கொடுப்பதே நல்லது. நாகை, வேதாரண்யம் பக்க உப்புக்காற்றிலும் ஐப்பசி மழையிலும் ஒரு இரவில் துரு பிடிக்கும். கை வியர்வையைத் துடைத்து, கிரீஸ் தடவி, மூடியுள்ள பிவிசி குழாயில் வையுங்கள்.