பிள்ளைகளோடு ஓர் ஓலைச்சுவடி செய்யலாம்

தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகத்தில் கண்ணாடிக்குள் இருக்கும் சுவடியைப் பிள்ளைகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தன் கையால் ஓலை தேய்த்து எழுதிய பிள்ளை மட்டும் அங்கேயே நின்று, "இதுல பூச்சி துளைச்சிருக்கு" என்று காட்டும். அதனால் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு முதலில் செய்முறை, அப்புறம்தான் நூலகம்.

ஓலை

குருத்தோலை வேண்டாம், கிழியும். முற்றிய ஓலை வெடிக்கும். குருத்துக்கு அடுத்து விரிந்த பனை ஓலைதான் சரி. நுங்கு வெட்டுகிறவரிடம் சொல்லிவைத்தால் கிடைக்கும். ஈர்க்கை எடுத்துவிட்டு ஒரு சாண் நீளம், இரண்டு விரல் அகலத்துக்கு நறுக்குங்கள். மஞ்சள்தூள் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவிட்டு நிழலில் காயவைத்து, கனமான கல்லுக்கு அடியில் ஓர் இரவு வைக்க வேண்டும். வெயிலில் போட்டால் சுருண்டுகொள்ளும். நறுக்குவதும் கொதிக்கவிடுவதும் பெரியவர்கள் வேலை.

தேய்ப்பது

எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். வழவழப்பான கூழாங்கல்லால் ஓலையின் நரம்பு ஓடும் திசையிலேயே இரண்டு பக்கமும் தேய்க்க வேண்டும். சொரசொரப்பு மிச்சம் இருந்தால் பின்னால் மை தடவும்போது எழுத்துக் கீறலில் மட்டும் தங்காமல் ஓலை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். அதற்கப்புறம் எவ்வளவு துடைத்தாலும் போகாது. வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். எங்கேயும் மங்கல் தெரியாமல் ஒரே சீராகப் பளபளத்தால் போதும். பிள்ளைகளுக்கு இது சலிக்காது. கல் தேடுவதில் பாதி நேரம் போகும், போகட்டும்.

எழுதுவது

கடையில் விற்கும் அலங்கார எழுத்தாணியை வாங்காதீர்கள். ஜியோமெட்ரி பாக்ஸில் இருக்கும் காம்பஸ் முனையை உப்புத்தாளில் லேசாக மழுக்கினால் அருமையாக எழுதும். ஓலை இடது கையில், முனைக்கு அண்டைகொடுப்பது இடது கட்டைவிரல். அழுத்தாமல் கீறினால் போதும்.

யாராவது ஒரு பிள்ளை புள்ளி வைக்கும், ஓலை பொத்துக்கொள்ளும். தடுக்காதீர்கள். பழைய ஏடுகளில் பெரும்பாலும் ஏன் மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை என்பதைப் பொத்துப்போன ஓலையைக் கையில் வைத்துக்கொண்டே பேசலாம்.

மை

நல்லெண்ணெய் விளக்குக்கு மேல் பித்தளைத் தட்டைக் கவிழ்த்துப் பிடித்துக் கரி சேகரியுங்கள். அதில் கோவை இலைச் சாறும் ஒரு துளி எண்ணெயும் குழைத்துத் துணியால் ஓலை மேல் தேய்க்க வேண்டும். பிறகு உலர்ந்த துணியால் துடைத்தால் எழுத்து மட்டும் கறுப்பாக எழும். அந்த நொடியில் பிள்ளைகள் போடும் கூச்சலுக்காகவே இவ்வளவு வேலையும் செய்யலாம்.

இரண்டு துளை போட்டு இடது துளையில் மட்டும் கயிறு கோர்த்து, மேலும் கீழும் மெல்லிய மரச்சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள்.

பாதுகாப்பது

சுவடிக் கட்டைத் திண்ணையில் ஒரு வாரம் திறந்து வையுங்கள், தூசி படியட்டும். பிறகு முகப்பவுடர் போடும் மென்மையான பிரஷ் ஒன்றைக் கொடுத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு நரம்புப் போக்கில் தள்ளச் சொல்லுங்கள். தண்ணீர், செல்லோடேப், பசை மூன்றும் கூடாது. ஒட்டியதைப் பிரிக்க முடியாது என்பதைத் தனித் துண்டு ஓலையில் டேப் ஒட்டி உரித்துக் காட்டலாம்.

சரசுவதி மகாலில் வசம்பு, கருஞ்சீரகம், கிராம்பு, மிளகு, பட்டை, கற்பூரம் சேர்த்த பொடியைச் சுவடிகளுக்கு அருகே பூச்சிக்காக வைத்து வந்தார்கள். இதைப் பிள்ளைகளே இடித்துத் துணியில் முடிந்து கட்டின் பக்கத்தில் வைக்கட்டும்.

கடைசி வேலைதான் எனக்கு மிகப் பிடித்தது: கட்டுகளை மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதை இன்னொருவர் புது ஓலையில் படியெடுப்பது. ஓலைக்கு ஆயுள் உண்டு. நம் முன்னோர் நூலைக் காப்பாற்றியதே படியெடுத்துத்தான். படியெடுக்க ஆளில்லாமல் ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட ஏடுகளும் உண்டு. பழைய ஏடுகளைப் போலப் புள்ளியும் வைக்காமல், குறில் நெடில் கொம்புக்கு வித்தியாசமும் காட்டாமல் எழுதச் சொல்லுங்கள். 'கொல' என்றிருந்தால் அது 'கோல்' என்பதா 'கொல்' என்பதா என்று சண்டை வரும். கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே உ.வே.சாமிநாதையர் பல பிரதிகளை ஒப்பிட்டுத் தீர்த்தவற்றில் இந்த வகைச் சண்டையும் ஒன்று.

பிறகு சேர்த்தது

ஐப்பசி மழையில் ஓலை பூஞ்சை பிடிப்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். ஓலை முழுசாகக் காயுமுன் கட்டியதுதான் காரணமாக இருக்கும். அவிழ்த்து நிழலில் காற்றாட விட்டு, பிரஷ்ஷால் தட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். டெல்டாவில் சுவடி செய்யும் வேலையைப் பங்குனி, சித்திரையில் வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டுப் பரணில் தாத்தா காலத்து ஏடு கிடைத்தது, அதற்கும் மை தடவலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். பிள்ளைகள் கையிலும் கொடுக்காதீர்கள். கயிற்றை இழுக்காமல், சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி, ஈரம் படாத இடத்தில் வைத்துவிட்டு, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் ஓலைச்சுவடித் துறையில் காட்டுங்கள்.