கூட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே நிலத்தைப் பாத்திகளாகப் பிரித்து ஆளுக்கொன்றாகப் பயிரிடும் கூட்டுத் தோட்டத்துக்கு இடம் கிடைத்த உற்சாகத்தில் அன்றைக்கே மண்வெட்டியைத் தூக்கிவிடுகிறோம். அதுதான் முதல் தவறு. நிலம் யாருடையது, எத்தனை வருடத்துக்குத் தருகிறார்கள், திரும்பக் கேட்டால் எவ்வளவு அவகாசம் கிடைக்கும் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நியூயார்க்கில் 1999-ல் நூற்றுக்கும் மேற்பட்ட சமூகத் தோட்டங்களை மாநகர நிர்வாகம் ஏலம் விட முனைந்தது. கடைசி நேரத்தில் தொண்டு அமைப்புகள் விலை கொடுத்து வாங்கியதால்தான் அவை தப்பின. மண்ணையும் பரிசோதித்துவிடுங்கள். பழைய கட்டடம் இருந்த இடமென்றால் பெயின்டிலிருந்து உதிர்ந்த ஈயம் மண்ணிலேயே தங்கியிருக்கலாம். அது குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்தானது.

அப்புறம், புதிதாகச் சேருகிறவருக்கு எடுத்த எடுப்பிலேயே பெரிய பாத்தி கொடுக்காதீர்கள். பாதிப் பாத்தி போதும். ஒரு பருவம் பார்த்துவிட்டு மீதியைக் கொடுக்கலாம்.

சண்டை பெரும்பாலும் குழாயடியில்தான் தொடங்குகிறது. கோடைக் காலையில் ஒருவர் ஹோஸைத் தன் தக்காளிப் பாத்தியில் போட்டுவிட்டுப் பேசப் போய்விடுவார். கடைசிப் பாத்திக்காரர் பூவாளியோடு நின்றுகொண்டிருப்பார். நேரம் பிரித்து, குழாய்க்குப் பக்கத்திலேயே எழுதி மாட்டுங்கள். ஹோஸைக் கையில் பிடித்துத்தான் பாய்ச்ச வேண்டும் என்று ஒரு விதி வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

நான் மிகவும் கவலைப்படுவது, கவனிக்காமல் விட்ட பாத்தியைப் பற்றித்தான். அங்கே களை பூத்து விதை விட்டால் சுற்றியுள்ள பாத்திகளுக்கும் பரவும். மனம் நோகுமே என்று எல்லோரும் மாதக்கணக்கில் வாயைத் திறக்க மாட்டார்கள். பிறகு ஒருநாள் கோபத்தோடு பாத்தியைப் பிடுங்கிக்கொள்வார்கள். இரண்டுமே தவறு. முதலில் ஒரு போன் செய்யுங்கள். அவர் உடம்பு முடியாமல் இருக்கலாம். அடுத்து இரண்டு வாரத் தவணை. அதற்கும் பதில் இல்லையென்றால், காத்திருப்போர் பட்டியலில் முதலில் இருப்பவருக்குக் கொடுங்கள். பொதுச் சொத்துகள் எப்படி நிலைக்கின்றன என்று ஆராய்ந்து 2009-ல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் கண்டதும் இதைத்தான்: பயன்படுத்துகிறவர்களே விதியை வகுக்க வேண்டும், தண்டனை லேசாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூட வேண்டும்.

நடைபாதை, கருவிகள், உரக்குழி ஆகியவற்றை "எல்லோரும் பார்த்துக்கொள்வோம்" என்று விட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். வாரத்துக்கு ஒரு பெயர் எழுதிவையுங்கள். உரக்குழியில் வெறும் காய்கறித் தோலாகக் கொட்டினால் நாறும். அளவில் அதைப்போல இரண்டு மடங்கு காய்ந்த இலை சேர வேண்டும். நோய் தாக்கிய செடிகளை அதில் போடவே கூடாது.

உங்கள் பாத்தியில் நடுவது உங்கள் விருப்பம், சரி. ஆனால் புதினாவைத் தொட்டியில் வையுங்கள், வேர் எல்லை தாண்டி ஓடும். பந்தல் போடுமுன் நிழல் எந்தப் பக்கம் விழும் என்று பாருங்கள். காய்கறிகளுக்குத் தினமும் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும்.

ஊருக்குப் போகும்போது தண்ணீர் ஊற்ற மட்டும் ஆள் சொல்லிவிட்டுப் போவதும் தவறுதான். பறிக்கவும் சொல்லுங்கள். வெண்டைக்காயைச் செடியிலேயே முற்றவிட்டால் காய்ப்பு குறைந்துவிடும். பறித்த காய் பறித்தவருக்கே என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவரும் தயங்காமல் பறிப்பார்.