சோலை நாற்று நடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊட்டிப் பக்கம் ஜூனில் மழை பிடித்ததும் சோலை, அதாவது உயரமான மலையின் பசுமைமாறாக் காட்டு மரங்களின் நாற்று நடும் வேலை தொடங்கிவிடும். அடுத்த ஆண்டு அதே ஆட்கள் வந்து, "இவ்வளவு மழை பெய்தும் செடி முழங்கால் உயரம்கூட வரலையே" என்பார்கள். மழை கூடினால் காடு வேகமாக வளரும் என்று நம்புவதில்தான் பிசகு. ஈரம் போதுமான அளவு கிடைத்தபின், மரத்துக்குத் தட்டுப்பாடாவது வெளிச்சம்தான். வாரக்கணக்கில் மேகம் மூடிக் கிடந்தால் இலை எதைக் கொண்டு சமைக்கும்? கீழே முதுமலையில் கதையே வேறு. அது இலையுதிர் காடு; மழை பொய்த்தால் தேக்கும் கருமருதும் பருப்பது குறைந்துவிடும்.

மேலே இன்னொரு கடிவாளம், உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, வானம் தெளிந்த இரவுகளில் தரையின் சூடெல்லாம் மேலே போய்விடும். விடிகாலையில் புல்வெளி உப்புக் கொட்டியதுபோல் வெளுத்திருக்கும், மிதித்தால் நொறுநொறுக்கும். வெயில் ஏறியபின் நாற்றைப் பாருங்கள்: கொழுந்து வெந்நீர் ஊற்றியதுபோல் கறுத்துத் தொங்கும். புல்லின் குருத்து மண்ணை ஒட்டி இருப்பதால் அது தப்பித்துவிடும். புல்வெளியை அழிந்த காடு என்று நினைத்து அதில் மரம் நடாதீர்கள். நீலகிரியின் சதுப்புப் படிவுகளை ஆராய்ந்ததில், 20,000 ஆண்டுகளுக்கு முன்பே இங்கே புல் இருந்தது தெரிகிறது. புல்வெளி புல்வெளியாகவே இருக்கட்டும்.

"சீகை மட்டும் விறுவிறுவென்று வளருதே?" என்ற கேள்வியும் வரும். இங்கே சீகை என்பது சீகைக்காய்க் கொடி அல்ல; ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் (wattle) மரம். சீகை வேரைத் தோண்டினால் சின்னச் சின்ன முடிச்சுகள் தெரியும். அவற்றில் வாழும் பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது. சோலை மரங்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை. அதற்காகச் சீகையை ஒரே மூச்சில் வெட்டித் தள்ளினால் மண்ணுக்குள் பல ஆண்டுகளாக உறங்கும் அதன் விதைகள் வெயில் பட்டதும் கூட்டமாக முளைக்கும். சீகை நிழலில் சோலைக் கன்றுகள் தானாக வருவதைக் கொடைக்கானல் பக்கமும் பார்க்கலாம். அந்த நிழல்தான் கன்றைப் பனியிலிருந்து காக்கிறது. கன்றுகள் தலையெடுத்தபின் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்தால் போதும்.

சரி, உரம் போடலாமா? எந்தச் சத்து குறைவு என்று தெரியாமல் போடாதீர்கள். பனாமாவில் வெட்டப்பட்டு மீளும் இளங்காடுகளில் நைட்ரஜன்தான் வேகத்தைத் தீர்மானித்தது. அமேசானின் மனாவுஸ் அருகே முதிர்ந்த காட்டில் பாஸ்பரஸ் போட்டபோதுதான் இலையும் நுண்வேரும் கூடுதலாக வளர்ந்தன; தண்டு பருப்பது கூடவில்லை. நம் மலையின் அமிலத்தன்மையுள்ள செம்மண்ணில் இரும்பும் அலுமினியமும் பாஸ்பரஸை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். வேரோடு கூடி வாழும் பூஞ்சைகள்தான் அதைக் கொஞ்சமாவது எடுத்துக் கொடுக்கும். அதனால் பாத்தியில் யூரியாவைவிடப் பக்கத்துச் சோலையின் இலைமட்கு இரண்டு கைப்பிடி மேல் என்பது என் கட்சி.

அப்புறம் அளக்கும் விஷயம். அக்டோபரில் அளந்த மரத்தை மார்ச்சில் அளந்தேன், சுற்றளவு குறைந்திருந்தது. நாடாவை இறுக்கிவிட்டோமோ என்று மறுபடி பார்த்தேன், அதே அளவுதான். மழையில் பட்டை நீர் குடித்து உப்பும், கோடையில் சுருங்கும். அது வளர்ச்சிக் கணக்கில் சேராது. முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டில் 1988 முதல் மரங்களுக்கு எண் கட்டி அளந்து வருகிறார்கள். அவ்வளவு பொறுமை வேண்டும். தரையிலிருந்து 1.3 மீட்டரில் பெயின்ட் கோடு போடுங்கள். சரிவில் நிற்கும் மரத்துக்கு மேட்டுப் பக்கத்திலிருந்து அளந்து கோடு இழுங்கள். ஆண்டுதோறும் அதே மாதம், அதே கோட்டில் நாடாவைச் சுற்றுங்கள்.