டயட்டீஷியன் ஃபீஸுக்கு முதல்வர் காப்பீட்டு அட்டை செல்லுமா?

அணைக்கட்டுப் பக்கம் இருக்கும் என் பெரியம்மாவுக்குச் சர்க்கரையோடு சிறுநீரகக் கோளாறும் சேர்ந்துகொண்டது. வேலூரில் ஒரு தனியார் கிளினிக்கில் டயட்டீஷியனைப் (உணவு ஆலோசகர்) பார்த்து டயட் சார்ட் வாங்கினோம். காப்பீட்டு அட்டையை நீட்டினால் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள், கையிலிருந்த 600 ரூபாயைக் கட்டினோம். சார்ட்டைப் பிரித்தால் ஓட்ஸ், ஆலிவ் எண்ணெய். காலையில் களி சாப்பிடுகிறவருக்கு அதை வைத்து என்ன செய்ய?

அட்டை செல்லாது என்று சொன்னது சரிதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கொடுக்கிறது, ஆனால் அது முக்கியமாக பெட்டில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கு. வெளிநோயாளியாக டயட்டீஷியனைப் பார்த்தால் நம் பணம்தான் போகும். அதனால் எந்த நேரத்தில் கேட்கிறோம் என்பதுதான் விஷயம்.

முதலில் அட்டை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் இருக்கும் காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். உடம்புக்கு வந்த பிறகு ஓடாதீர்கள், இப்போதே போய் எடுத்து வையுங்கள்.

அடுத்து, திட்டத்தில் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கும்போதே கேளுங்கள். பேக்கேஜில், அதாவது ஒரு சிகிச்சைக்கென்று திட்டம் மொத்தமாகக் கொடுக்கும் தொகையில், மருந்து, பரிசோதனை, நோயாளியின் சாப்பாடு எல்லாம் அடக்கம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம், "டிஸ்சார்ஜுக்கு முன்னாடி டயட்டீஷியனைப் பார்க்கணும், எழுதிக் கொடுங்க சார்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். பெரியம்மா இரண்டாவது முறை அட்மிட் ஆனபோது நான் செய்தது இதுதான், தனியாக ஒரு ரூபாய்கூட ஆகவில்லை.

டயட்டீஷியன் வந்ததும் வாயை மூடிக்கொண்டு சார்ட்டை வாங்காதீர்கள். வீட்டில் என்ன சமைக்கிறீர்கள், யார் சமைக்கிறார்கள், வேலைக்குப் போகிறவர் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறார் எல்லாவற்றையும் சொல்லுங்கள். கேழ்வரகுக் களி எத்தனை உருண்டை, இலவம்பாடி முள்கத்தரிக்காயில் எண்ணெய் எவ்வளவு ஊற்றுவது, கீரைக்கடைசல் வாரத்துக்கு எத்தனை நாள் என்று பேர் சொல்லிக் கேளுங்கள். சர்க்கரை மட்டும் இருப்பவருக்கு நல்லது என்று சொல்லும் கீரை, சிறுநீரகம் கெட்டவருக்குப் பொட்டாசியம் காரணமாக ஆகாமல் போகலாம், இளநீரும் வாழைப்பழமும் அப்படித்தான், அதனால் பக்கத்து வீட்டுச் சார்ட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளவே கூடாது. கடைசி ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும் காட்டுங்கள்.

அட்மிட் ஆகாதவர்கள் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டு, டாக்டரிடம் இதையே கேட்கலாம், அங்கே காப்பீட்டு அட்டையே தேவையில்லை. சர்க்கரையும் பிரஷரும் பார்க்க ஊர் ஆரம்ப சுகாதார நிலையமே போதும், மாத்திரையும் இலவசம்.

காசநோய்க்கு மருந்து எடுப்பவர் வீட்டில் இருந்தால் இன்னொன்று: சத்தான சாப்பாட்டுக்கென்று நிக்ஷய் போஷன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வரும். மருந்து தரும் இடத்திலேயே பாஸ்புக் நகலைக் கொடுத்துப் பதிந்துவிடுங்கள். காப்பீட்டில் சந்தேகம் என்றால் 1800 425 3993, கட்டணமில்லா எண், அட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.